சிறுகுறிஞ்சான் பொடி இவ்வளவு நல்லதென்றால் ஏன் யாரும் மாத்திரையாகப் போடவில்லை? (அப்பாவின் கேள்வி)

ஈசூன் மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 69 வயது. இன்னமும் காலை வேளையில் சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுகிறார். சர்க்கரை நோய் வந்து ரொம்ப வருடமாகிறது, பலதுறை மருந்தகத்தில்தான் (அரசாங்க மருத்துவ நிலையம்) பார்க்கிறோம். காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளிப்பிசைடு. தீபாவளிக்குப் பிறகு டாக்டர் எம்பாகிளிஃப்ளோசின் என்று ஒன்றையும் சேர்த்தார்.

அந்தச் சமயம் பார்த்து மன்னார்குடியிலிருந்து பெரியப்பா வந்தார். பெட்டியில் முறுக்கு, அப்பளம், அதோடு ஒரு பெரிய பொட்டலம் சிறுகுறிஞ்சான் பொடி. பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே பேனாவால் ‘சர்க்கரைக்கொல்லி’ என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். யார் அரைத்தது, எப்போது அரைத்தது, ஒன்றும் கிடையாது. அன்றிலிருந்து அப்பா காலையும் மாலையும் ஒரு கரண்டி வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார்.

போன மாத இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8.3இலிருந்து 7.1க்கு இறங்கியிருக்கிறது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “பார்த்தியா பொடியோட வேலையை” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். புது மாத்திரை சேர்ந்ததை அவர் கணக்கில் எடுப்பதில்லை. அம்மா வீட்டில் கெட்டிப்பால் வாங்குவதை நிறுத்தியதையும், கீழே காப்பிக்கடையில் இப்போது கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) மட்டும்தான் குடிக்கிறார் என்பதையும்கூட எடுப்பதில்லை.

எனக்குப் பயம் எங்கே வந்தது என்றால், சமீபத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியிருக்கிறது. ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டிவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தார். வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 3.4 (மில்லிமோல் கணக்கில், 4க்குக் கீழே இறங்கக்கூடாது). மைலோ குடித்தபின் சரியானது. பொடி சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லவில்லை. “சொன்னா திட்டுவாரு” என்கிறார்.

நான் நிறுத்தச் சொன்னால் அவர் கேட்கும் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை: “இது வேலை செய்யலேன்னா முன்னோர் ஏன் சாப்பிட்டாங்க? வேலை செய்யுதுன்னா மருந்துக் கம்பெனிக்காரன் ஏன் இதை மாத்திரையா போடல?”

அதற்குள் பக்கத்து புளோக் ஆண்டி ஒருவர், தாழ்வாரத் தொட்டியில் இருக்கும் நித்தியகல்யாணிப் பூவையும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அது இன்னும் தொடங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா தம்பி

அக்கா, என் மாமாவும் இதே பொடிதான். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அவர் கிளிப்பிசைடு எடுப்பதில்லை என்று நினைக்கிறேன், மெட்ஃபார்மின் மட்டும்தான்.

அப்பா கேள்விக்கு என் பதில்: காசு. இலைக்குக் காப்புரிமை வாங்க முடியாது. நாளைக்கு யார் வேண்டுமானாலும் அதே இலையை அரைத்து விற்கலாம் என்றால் எந்தக் கம்பெனி கோடிக்கணக்கில் செலவு செய்து ஆராய்ச்சி பண்ணும்? இதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை.

துவாஸ் மாத்திரைக்காரர்

ஈசூன் மகளுக்கு,

நான் துவாஸ் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், மாத்திரை உருவாக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. மூலப்பொருளை எடுத்து, அதை விழுங்கக்கூடியதாக, கெடாததாக, ஒவ்வொன்றும் ஒரே மாதிரி வேலை செய்வதாக ஆக்குவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த 3.4 சின்ன விஷயம் இல்லை, அதுவும் டாக்சி ஓட்டுகிறவருக்கு. அதைப் பற்றி இங்கே வரும் மருந்தாளர் யாராவது என்னைவிடச் சரியாகச் சொல்வார்கள். நான் உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது நல்ல கேள்வி.

செடியை மாத்திரையாக்கியிருக்கிறார்கள். அதில் இரண்டை உங்கள் அப்பா தினமும் விழுங்குகிறார்.

மெட்ஃபார்மினின் பூர்வீகம் கலேகா அஃபிசினாலிஸ் என்ற ஐரோப்பியச் செடி. ஊதாப் பூ, அவரைக் குடும்பம். அங்கே அது பழைய நாட்டு வைத்தியத்தில் இருந்த செடிதான். அதில் இருக்கும் கலேகின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைக்கிறது என்று கண்டு 1920களில் நோயாளிகளுக்குக் கொடுத்தே பார்த்தார்கள். குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. ஆடுமாடுகள் மேய்ந்தால் சாகும் செடி அது. அமெரிக்காவில் தீவனப் பயிராகக் கொண்டுபோய், பிறகு களை என்று ஒதுக்கினார்கள். கலேகினின் உறவுக்காரப் பொருளான மெட்ஃபார்மின் 1922இல் டப்ளினில் ஒரு சோதனைக்கூடத்தில் உருவானது. இன்சுலின் வந்த காலம் அது, இதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1957இல்தான் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார். அமெரிக்கா 1994இல்தான் அனுமதித்தது. இன்று மெட்ஃபார்மினில் அந்தச் செடியின் ஒரு துளிகூடக் கிடையாது, முழுக்கத் தொழிற்சாலை வேதியியல்.

இரண்டாவது எம்பாகிளிஃப்ளோசின். இந்தக் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1835இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து ஃபுளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். கசப்பாக இருந்ததால் சின்கோனா மரப்பட்டை மாதிரி காய்ச்சலுக்கு ஆகும் என்று நினைத்தார்கள். 1886இல் ஃபான் மேரிங் என்பவர் அதைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவதை அது தடுக்கிறது. அப்படியானால் அதையே மாத்திரையாக்கலாமே? முடியவில்லை. ஃபுளோரிசினில் ஒரு சர்க்கரைத் துண்டு ஆக்சிஜன் வழியாக ஒட்டியிருக்கிறது. குடலில் இருக்கும் நொதி அதை வெட்டிவிடும். வாயால் விழுங்கினால் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போவதற்குள் ஆளே மாறிவிடுகிறது. போதாததற்குக் குடலிலும் சர்க்கரை உறிஞ்சுவதைத் தடுப்பதால் வயிற்றுப்போக்கு வேறு. கடைசியில், ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கார்பனோடு நேராக இணைத்தார்கள். நொதியால் அதை வெட்ட முடியாது. சிறுநீரகத்தில் மட்டும் வேலை செய்கிற மாதிரி அமைப்பையும் திருத்தினார்கள். அந்தக் குடும்பத்தில் முதல் மருந்து அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்றது, உங்கள் அப்பாவுடையது அடுத்த வருடம். வேர்ப்பட்டையிலிருந்து மாத்திரைக்கு வர ஏறக்குறைய 180 வருடம்.

இரண்டிலும் செடி கொடுத்தது துப்பு. செடியில் இருந்த பொருள் அப்படியே மருந்தாகவில்லை. ஒன்று நஞ்சு, மற்றது உடம்பில் தாங்கவில்லை.

இப்போது சிறுகுறிஞ்சான். இதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதன் கசப்புச் சாரத்தை முதலில் பிரித்தவர்களில் ஒருவர் டேவிட் ஹூப்பர். மெட்ராஸ் அரசாங்கத்துக்காக ஊட்டியில் சின்கோனாப் பட்டையைச் சோதித்துக்கொண்டிருந்தவர். 1880களின் பிற்பகுதியில் அவர் விவரித்து எழுதிய அந்தச் சாரம்தான் ஜிம்னிமிக் அமிலம். இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. உப்பும் புளிப்பும் தெரியும். நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் அது உட்கார்ந்துவிடுகிறது, அரை மணி நேரமாவது அப்படியே இருக்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன், உங்கள் அப்பாவும் பார்க்கலாம். பொடி வேலை செய்கிறது என்று எல்லோரும் அடித்துச் சொல்வதற்கு இந்த நாக்கு வித்தைக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். ஆனால் நாக்கில் நடப்பது நாக்கில்தான். கணையத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நோயாளிகளிடமும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் சென்னையிலேயே. 1990இல் வந்த ஆய்வு. 22 பேர், தங்கள் மாத்திரையோடு சேர்த்து ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் சாறு, 18 முதல் 20 மாதம். சர்க்கரை குறைந்தது, 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. இதைத்தான் கடையில் விற்கும் சிறுகுறிஞ்சான் பாட்டில்களில் மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு இல்லை அது. ஆய்வில் சேர்ந்தவர்கள் சாப்பாட்டில் கவனமாக இருந்திருப்பார்கள், டாக்டரை அடிக்கடி பார்த்திருப்பார்கள். எது எதனால் என்று பிரிக்க முடியாது. உங்கள் வீட்டில் புது மாத்திரையும் கோசோங்கும் பொடியும் ஒரே நேரத்தில் வந்தது மாதிரிதான்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது: அவர்கள் கொடுத்தது இலைப்பொடி இல்லை. இலையைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாறு, அதிலும் நீரில் கரையும் அமிலப் பகுதி மட்டும். உங்கள் அப்பாவின் கரண்டிக்கும் அந்த 400 மில்லிகிராமுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது எனக்குத் தெரிந்த இடம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வேலையில் இருந்தபோது ஒரு வாடிக்கையாளருக்காகச் சிறுகுறிஞ்சான் சாற்றைக் கேப்சூலில் அடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் தலைவலி, எதை அளப்பது? ஜிம்னிமிக் அமிலம் என்பது ஒரு பொருள் இல்லை, ஒரே சாயலில் உள்ள பல பொருள்களின் கூட்டம். எந்த ஒன்று வேலை செய்கிறது என்று தெரியாமல் ‘மொத்தம் இத்தனை சதவீதம்’ என்று அளக்க வேண்டியதுதான். வேறு வேறு ஊர் இலை, வேறு வேறு மாதத்தில் பறித்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணக்கு. இரண்டாவது, அது சோப்புத்தன்மை உள்ள பொருள், நீர் பட்டால் நுரைக்கும், கலக்கும் பாத்திரமெல்லாம் நுரை. மூன்றாவது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆசியான் நாடுகளில் மருந்தின் ஆயுளைச் சோதிக்கும் நிலையே 30 பாகை வெப்பம், 75 சதவீத ஈரப்பதம். அந்த வெப்பமும் ஈரமும் உள்ள சோதனைப் பெட்டியில் வைத்த கேப்சூலை எடுத்துத் திறந்தால் பொடி கட்டியாகிக் கல்லாக இருந்தது. ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்த்து, அலுமினியப் பட்டையில் அடைத்து ஒரு வழியாகச் சமாளித்தோம்.

மெட்ஃபார்மினுக்கு இந்தப் பிரச்சினை இல்லையா என்றால், அதற்கு வேறு பிரச்சினை. நீரில் சட்டென்று கரையும், 500 மில்லிகிராம் வேண்டும், பிடித்து அழுத்தினால் மாத்திரையாக நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு தடவை போடும் வகையில், நீர் பட்டதும் சப்ஜா விதை மாதிரி ஊறிக் கூழாகும் பொருளில் அதைப் பொதிந்திருப்பார்கள், மருந்து மெல்ல மெல்ல வெளியே வரும். சில பேர் கழிவறையில் முழு மாத்திரையைப் பார்த்துவிட்டு ‘கரையவே இல்லை’ என்று பதறுவார்கள். அது வெறும் கூடு, மருந்து இறங்கிவிட்டது. இதெல்லாம் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் சோதிக்கப்படும். 37 பாகை வெந்நீரில் போட்டு, எத்தனை நிமிடத்தில் எத்தனை சதவீதம் வெளியே வருகிறது என்று எழுதி வைத்த பிறகுதான் வண்டியில் ஏறும். இன்றைய மாத்திரையும் அடுத்த மாத மாத்திரையும் ஒரே வேலையைச் செய்யும் என்று நம்பித்தான் டாக்டர் அளவை எழுதுகிறார். பெரியப்பா கொண்டுவந்த பையில் மேல் கரண்டியும் அடிக் கரண்டியும் ஒன்றா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. கிளிப்பிசைடு கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. அதன்மேல் அளவு தெரியாத இன்னொன்றை வைத்தால் எந்த நாள் எவ்வளவு இறங்கும் என்று யார் சொல்வது?

தம்பி சொன்ன காசு விஷயமும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இலைக்குக் காப்புரிமை இல்லாவிட்டாலும் சாறு எடுக்கும் முறைக்கு, மாற்றியமைத்த மூலக்கூறுக்கு வாங்கலாம். ஆப்பிள் வேர்ப்பட்டைக்கு யாரும் காப்புரிமை வாங்கவில்லை, அதிலிருந்து பிறந்த மருந்துகளுக்கு வாங்கினார்கள். சிறுகுறிஞ்சானில் ‘இதுதான் அந்தப் பொருள்’ என்று கைகாட்ட ஒன்று இன்னும் அமையவில்லை.

நித்தியகல்யாணி வேண்டவே வேண்டாம். அதையும் சர்க்கரை நோய்க்கென்று நாட்டு வைத்தியத்தில் பல ஊர்களில் குடித்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் ஜமைக்காவிலிருந்து வந்த இலையை அதற்காகவே சோதித்தார்கள். எலிகளுக்கு வாயால் கொடுத்தால் சர்க்கரை அசையவில்லை. ஊசியாகப் போட்டால் வெள்ளை அணுக்கள் சரிந்து, எலும்பு மஜ்ஜை கெட்டு, எலிகள் தொற்று வந்து செத்தன. அந்த வழியில் 1958இல் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின். அதன் உறவான வின்கிறிஸ்டினை இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள், மருத்துவமனையில், மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தக்குழாயில். தாழ்வாரத் தொட்டியிலிருந்து கைப்பிடியாக அள்ளி இல்லை.

மூலிகைப் பிரியன்

ஐயா எழுதியது சுவையாக இருந்தது, ஆனால் ஒருபக்கமாக இருக்கிறது. ‘பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது’ என்கிறீர்கள். உங்கள் மாத்திரையில் என்ன இருந்தது என்று மட்டும் தெரிந்ததா? 2019இல் இதே சிங்கப்பூரில் மெட்ஃபார்மினில் புற்றுநோய்ப் பொருள் இருக்கிறது என்று திரும்பப் பெற்றார்களே, மறந்துவிட்டதா?

இன்னொன்று. சித்த வைத்தியர் ஒருபோதும் ஒரு பொடியைத் தூக்கிக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. நாடி பார்த்து, உடல்வாகு பார்த்து, எதோடு சேர்க்க வேண்டும், எந்த வேளை, எத்தனை நாள், என்ன பத்தியம் என்று சொல்வார். செடியிலிருந்து ஒரு பொருளைப் பிய்த்து எடுத்து ‘இது வேலை செய்யவில்லை’ என்பது, வாத்தியக்குழுவிலிருந்து ஒருவரை மட்டும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வது. முழு இலையில் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் பொருள்கள் இருக்கலாம் அல்லவா?

துவாஸ் மாத்திரைக்காரர்

மூலிகைப் பிரியனுக்கு. 2019ஐ நான் மறக்கவில்லை, அப்போது வேலையில் இருந்தேன். மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் அந்த டிசம்பரில் இங்கே விற்ற 46 மெட்ஃபார்மின் தயாரிப்புகளில் 3ஐத் திரும்பப் பெறச் சொன்னது. அதில் என்.டி.எம்.ஏ. என்ற அந்தப் புற்றுநோய்ப் பொருள் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. மெட்ஃபார்மின் தயாரிக்க டைமீத்தைல் அமீன் வேண்டும். அது நைட்ரைட்டோடு சேர்ந்தால் இது உருவாகும். கேவலமான விஷயம்தான், பூசி மெழுக மாட்டேன். ஆனால் எப்படித் தெரிந்தது? 46ஐயும் வரிசையாக நிறுத்திச் சோதிக்க முடிந்தது. எந்தத் தொகுதி, எந்த மருந்தகம் என்று தேடிப் போய் எடுக்க முடிந்தது. பேனாவால் பெயர் எழுதிய பையை யார் எங்கே தேடுவார்கள்? இங்கே கடையில் விற்கும் பாரம்பரிய மருந்துக்கே ஈயம் 10, ஆர்சனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று உச்சவரம்பு உண்டு. பெட்டியில் முறுக்கோடு வந்தது அந்த வாசலையே மிதிக்கவில்லை.

இன்னொரு வருடத்தையும் நினைவுபடுத்துகிறேன், 2008. அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதத்தில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள், சர்க்கரை தரைமட்டமாகி நம் பொது மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 7 பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். ஆண்மைக்கென்று திருட்டுத்தனமாக விற்ற சரக்கு. அதில் ‘மூலிகை’ என்று சொல்லப்பட்டவையும் இருந்தன. உள்ளே கிளிபென்கிளமைடு, அதாவது உங்கள் அப்பாவின் கிளிப்பிசைடுக்குச் சகோதரன், வண்டி வண்டியாக. ஆகவே ஈசூன் மகளே, அடையாளம் இல்லாத சர்க்கரைப் பொடி ‘ரொம்ப நன்றாக’ வேலை செய்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன், சந்தேகப்படுவேன். பெரியப்பா தெரிந்தே கலந்தார் என்று சொல்லவில்லை. அவருக்கு விற்றவரை நமக்குத் தெரியாது.

பழைய முறையை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கண்டெடுத்த சீன விஞ்ஞானி து யூயூவுக்கு வழி காட்டியதே பழைய சீன வைத்தியக் குறிப்புதான். எல்லோரும் செடியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குறிப்பில் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடு பட்டால் மருந்து கெடுகிறதோ என்று யோசித்து, குறைந்த சூட்டில் ஈதர் என்ற திரவத்தில் எடுத்தார். 2015இல் நோபல். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்தப் பொருள் நீரிலும் கரையாது, எண்ணெயிலும் சரியாகக் கரையாது. நீரில் கரையும் ஆர்ட்டிசுனேட்டாக மாற்றிய பிறகுதான் நினைவிழந்து கிடக்கும் குழந்தைக்கு ஊசியாகப் போட முடிந்தது.

முழு இலையில் கூட்டு வேலை இருக்கலாம் என்றீர்கள். இருக்கலாம், அதையும் அளந்து காட்டலாம். நாடி பார்த்துக் கொடுக்கும் வைத்தியரை நானும் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பொடியை எந்த வைத்தியரும் நாடி பார்த்துக் கொடுக்கவில்லையே.

மருந்தாளர் புக்கிட் பாஞ்சாங்

ஐயா சொன்னதால் வந்தேன். நான் வேலை செய்யும் இடத்தில் வாரத்துக்கு ஒருவராவது இப்படி வருகிறார், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அக்கா, அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். நாளைக்கே மருந்தகத்துக்குப் போன் செய்து, 4க்குக் கீழே இறங்கியதையும் பொடியையும் சொல்லுங்கள். அவர்கள் பார்க்கும் வரை பொடியை நிறுத்தி வையுங்கள். கிளிப்பிசைடை நீங்களாகக் குறைக்க வேண்டாம், ஆனால் அதைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. டாக்சிக்காரர்கள் செய்வது இதைத்தான், மாத்திரையை ஆறு மணிக்குப் போட்டுவிட்டு ‘இன்னும் ஒரு சவாரி’ என்று போய்விடுவார்கள். வண்டி எடுப்பதற்கு முன்னால் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 5க்குக் கீழே என்றால் முதலில் ஏதாவது சாப்பிட்டு, ஏறியதை உறுதிசெய்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

திரும்ப நடுக்கம் வந்தால் மைலோவுக்குப் பதில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே. பால், கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ஏற நேரமாகும். 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 995க்கு (ஆம்புலன்ஸ்) போன் செய்யுங்கள். வண்டியில் குளுக்கோஸ் மாத்திரை ஒரு டப்பா கிடக்கட்டும். ஒருவேளை இலையை மென்றிருந்து நாக்கில் இனிப்பே தெரியாவிட்டாலும் சர்க்கரை உள்ளே போய் வேலை செய்யும்.

எம்பாகிளிஃப்ளோசின் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால்: அப்பா தைப்பூசத்துக்கோ சஷ்டிக்கோ விரதம் இருப்பவர் என்றால் முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள். சாப்பிடாமல் அதை விழுங்கினால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளுக்கும் இதே பேச்சு.

பொடிப் பையை அப்படியே எடுத்துப் போங்கள். திட்ட மாட்டார்கள். எங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் தொல்லை.

ஈசூன் மகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய் வந்தோம்.

டாக்டர் திட்டவில்லை. பையை முகர்ந்துகூடப் பார்த்தார். கிளிப்பிசைடைப் பாதியாகக் குறைத்து, பொடியின் பெயரைக் கணினியில் பதிந்துகொண்டார். கல்லீரலுக்கும் சேர்த்து இரத்தம் எடுத்தார்கள்.

ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மெட்ஃபார்மின் செடியிலிருந்து வந்தது என்றதும் முகம் மலர்ந்து, “நான் சொல்லல?” என்றார். ஆடு மேய்ந்தால் சாகும் என்ற இடத்தில் பேச்சைக் காணோம். ஆப்பிள் வேர்க் கதையை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். இப்போது டாக்சியில் ஏறுகிறவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், 180 வருடம் 200 ஆகிவிட்டது.

பொடியை நிறுத்த ஒப்புக்கொண்டார், ஆனால் நிபந்தனையோடு. மூன்று மாதம் பொடி இல்லாமல், மற்றதெல்லாம் இப்போது இருக்கிற மாதிரியே. அப்புறமும் 7.1 பக்கத்தில் நின்றால் மாத்திரைக்கும் கோசோங்குக்கும் பெருமையைக் கொடுக்கத் தயாராம். ஏறிவிட்டால் பெரியப்பாவுக்குப் போன் போடுவாராம். கிளிப்பிசைடையும் குறைத்திருப்பதால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அதைப் பொடியின் கணக்கில் எழுதக்கூடாது என்று டாக்டர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். அப்பா அதை ‘பார்க்கலாம்’ என்று மட்டும் ஏற்றுக்கொண்டார்.

நித்தியகல்யாணி விஷயத்தைப் பக்கத்து புளோக் ஆண்டியிடம் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் அவர் வீட்டில் யாரும் குடிப்பதில்லையாம், எங்களுக்குத்தான் சொன்னாராம்.

அடுத்த பரிசோதனை முடிவு வந்ததும் இந்த இழையிலேயே போடுகிறேன்.